சாதாரண மனிதர் சாப்பிட்டுப் பார்த்த ஹாம்

வெர்லின் டோப்ராட்ஸ் ஒரு சாதாரண மனிதர் என்று ஆணையம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

ஆணையம் என்றால், 'பதப்படுத்திய இறைச்சியில் உப்பைத் தாமாக முன்வந்து குறைத்துக்கொள்வதற்கான நல்லெண்ண ஆணையம்'. சொல்லும்போதே மூச்சு வாங்குகிறதல்லவா, அதன் உறுப்பினர்களுக்கு மாடிப்படி ஏறினாலே வாங்கும். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹாம், சாஸேஜ், பேக்கன் என்று பன்றியை வகைவகையாக விற்கிற சில கம்பெனிகள் கூடி அமைத்துக்கொண்டது அது. உப்பைக் குறை என்று அரசாங்கம் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்னால், நாங்களே குறைத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமில்லையா. அந்த ஆள்தான் ஆணையம்.

அதில் பதின்மூன்று நாற்காலிகள். பன்னிரண்டில் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். மீதி ஒன்று, விதிப்படி, 'எவ்விதச் சிறப்புத் தகுதியும் இல்லாத சாதாரண உண்பவர்' ஒருவருக்கு. அதற்கு ஆள் எடுக்க எங்கள் ஊர் நூலகத்தில் நேர்காணல் வைத்தார்கள். ஒரு பெண்மணி ஹாம் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வந்திருந்தார். அது ஆராய்ச்சி என்று கழித்துவிட்டார்கள். இன்னொருவருக்கு ரத்தக்கொதிப்பு. அது முன்விரோதம் என்று கழித்தார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்லினிடம், "உப்பப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்கள்.

"தேவலை" என்றார் வெர்லின்.

அன்றைக்கே கைகுலுக்கிவிட்டார்கள்.

இந்தத் 'தேவலை'யைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டோப்ராட்ஸ் வீட்டுக்கு அடுத்த வீட்டில் முப்பது பனிக்காலமாக இருக்கிறேன், எனக்கு அந்த உரிமை உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் 'தேவலை' என்பது பதில் இல்லை, மரியாதை. காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள் போய் விசாரித்தாலும், "தேவலை, வெளிச்சம் நல்லா வருது" என்பார்கள். கேட்டவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். நான் வந்த புதிதில், ஊரே சுகமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அடிக்கடி சாவு விழுந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது.

வெர்லினுக்குப் பதவி ஆசை கிடையாது. அவர் அந்த நாற்காலிக்குப் போனது மனைவிக்காக. மார்லிஸுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, உப்பை விட்டே ஆக வேண்டும், முதலில் ஹாமை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் நேராக பேக்கரிக்குப் போவார்கள். சுடச்சுட ஹாம் வாங்கினால் பன் இனாம். கல்யாணமான நாளிலிருந்து டோப்ராட்ஸ் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அதுதான். டாக்டர் சொன்னதிலிருந்து மார்லிஸ் ஹாமை எடுப்பதில்லை. இனாம் பன்னில் கடுகு விழுதைத் தடவிக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் தேவலை என்பார். வெர்லினுக்குத் தன் வாயில் இருக்கிற ஹாம் இறங்காது. உப்புக் குறைத்த ஹாம் ஒன்று வந்துவிட்டால் இவள் பழையபடி சாப்பிடலாமே என்கிற ஒரே எண்ணத்தில்தான் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, ஆணையம் கூடுகிற மில்வாக்கி நகரத்துக்குப் போனார்.

ஆணையத்தின் தலைவர் பெயர் தர்மன் ஓக்ஸ். தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்யட்டும். நாற்பது வருஷம் ஹாம் கம்பெனி நடத்தி, அதை மகன்களிடம் கொடுத்துவிட்டு, இப்போது ஹாமிடமிருந்து மக்களைக் காப்பாற்ற வந்திருந்தார். அவர் முன்னிலையில் முதல் கூட்டம் தொடங்கியது. ஒரு வெள்ளி உப்புச்சாடி கைமாறி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் அதைத் தம் காலித் தட்டின் மேல் மூன்று தரம் ஆட்டி, கண்ணை மூடி, 'இல்லாததை உணர்கிறேன்' என்று சொல்ல வேண்டும். வெர்லின் சொல்லிவிட்டு, சர்ச் பழக்கத்தில் ஆமென் என்றும் சேர்த்துவிட்டார். அதற்கு மறுகூட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேற்றி, எல்லோரும் ஆமென் சொல்லலாம் என்று ஆக்கினார்கள். பிறகு சாப்பாடு வந்தது. அதில் உப்பு சரியாக இருந்தது.

தர்மன் ஓக்ஸ் எழுந்து பேசினார்.

"நாப்பது வருஷமா இந்த ஜனங்களுக்கு உப்பு ஊட்டினவன் நான். இப்ப நானே எடுக்கப் போறேன். குடுத்தவனுக்குத்தான் எடுக்கத் தெரியும். ஆனா அவசரம் கூடாது. திடீர்னு உப்ப எடுத்துட்டா கறியோட உண்மையான ருசி ஜனங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். அந்த அதிர்ச்சிக்கு யார் பொறுப்பு? அதனால முதல்ல நம்பிக்கைய ஏத்துவோம். உப்ப இறக்குறது தானா நடக்கும்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். வெர்லினும் தட்டினார். தட்டாமல் இருப்பது மரியாதை இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் 'உப்பு' என்கிற சொல் மக்களைக் கலவரப்படுத்துகிறது என்று கண்டுபிடித்து, இனி அதை 'அந்தப் பொருள்' என்றே குறிப்பிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மூன்றாவதில், அந்தப் பொருளைக் கால் பங்கு குறைப்பது என்று முடிவாயிற்று. வெர்லின் அன்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மார்லிஸிடம் சொன்னார். நான்காவதில், எதிலிருந்து கால் பங்கு என்கிற கேள்வி வந்தது.

கேள்வியைக் கொண்டுவந்தவர் ஆணையத்தின் விஞ்ஞானச் செயலாளர் டாக்டர் லெனோர் ப்ரூயிட். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல், சைவம்.

"குறைக்கணும்னா ஒரு அடித்தளம் வேணும். அந்த அடித்தளம் உறுதியா, உயரமா இருக்கணும். இப்ப இருக்கிற அளவு ரொம்பப் பலவீனம். அதுலேர்ந்து குறைச்சா வித்தியாசமே தெரியாது. அதனால அடுத்த ஒரு வருஷத்துக்கு எல்லா உறுப்பினர்களும் அந்தப் பொருளைப் பாதி மடங்கு கூட்டணும்னு பரிந்துரைக்கிறேன். விஞ்ஞானத்துக்காக."

விஞ்ஞானத்துக்காக எல்லோரும் சிரமத்தை ஏற்றுக்கொண்டார்கள். வெர்லின் மட்டும் கையைத் தூக்கினார். வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற மாதிரிதான் தூக்கினார்.

"இல்ல, தெரியாமதான் கேக்குறேன். நூறு இருக்கிறத நூத்தம்பது ஆக்கிட்டு, அதுல கால் பங்கு எடுத்தா, இப்ப இருக்கிறதவிடக் கூடத்தான இருக்கும்?"

தர்மன் ஓக்ஸ் மிகுந்த அன்போடு அவர் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் டோப்ராட்ஸ், நீங்க ஒப்பிடுறீங்க."

"ஆமா, சும்மா..."

"ஒப்பிடுறது நிபுணர் வேலை. நீங்க சாதாரண மனிதர். ஒப்பிட ஆரம்பிச்சீங்கன்னா உங்க தகுதி போயிடும். நாங்க வேற ஆள் பாக்கணும். எங்களுக்கு உங்களத்தான் பிடிச்சிருக்கு."

வெர்லினுக்குக் காது சிவந்துவிட்டது. ஒரு சபையில் மூக்கை நுழைத்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வேறு ஆள் வந்தால் மார்லிஸின் ஹாம் என்ன ஆவது என்கிற பயமும் இருந்தது. இதை அவர் எங்கள் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டே என்னிடம் சொன்னார். "அவங்கெல்லாம் படிச்சவங்க. ஏதோ கணக்கு இருக்கும்" என்றார். கணக்கெல்லாம் இருக்கத்தான் செய்தது.

பிறகு சாதாரண மனிதருக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். தலைக்கு வலைத்தொப்பி, தாடி இல்லாவிட்டாலும் தாடிக்கு ஒரு வலை. பன்றித் தொடைகள் வரிசையாக வர, மேலிருந்து நூறு ஊசிகள் இறங்கி உப்புத்தண்ணீரை ஏற்றிவிட்டுப் போயின. உள்ளே போகும்போது சோர்ந்து கிடந்த தொடை, வெளியே வரும்போது உப்பிப் பளபளவென்றிருந்தது.

"இதுல எங்க கம்பெனிகளோட மொத்த ஞானமும் இருக்கு," என்றார் டாக்டர் ப்ரூயிட். கூட்டத்துக்கு வெளியே என்பதால் அந்தப் பொருளை அதன் பெயராலேயே சொன்னார். "உப்பு தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். விடாது. ஜனங்க கறின்னு நெனச்சு வாங்குறதுல பாதி தண்ணிதான். உப்ப எடுத்துட்டா தண்ணி ஓடிடும். தண்ணி ஓடிட்டா, கறிய கறி விலைக்கு விக்க வேண்டி வரும்."

கூட வந்த உறுப்பினர்கள் கைதட்டினார்கள். வெர்லினும் தட்டினார். இவ்வளவு பெரிய இயந்திரத்தை அவர் பார்த்ததில்லை.

ஆறாவது கூட்டம் 'ஒரு வேளை' பற்றியது. பாக்கெட்டின் பின்னால் 'ஒரு வேளைக்கு இவ்வளவு உப்பு' என்று போட வேண்டியிருந்தது. முன்பு ஒரு வேளை என்றால் மூன்று துண்டு. அதை ஒரு துண்டு என்று ஆக்கினார்கள். உப்பு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அந்த மகிழ்ச்சியில் இன்னொரு உறுப்பினர், துண்டையும் மெல்லிசாக வெட்டினால் என்ன என்று கேட்டார். வெட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது அந்தப் பக்கம் இருந்த தர்மன் ஓக்ஸின் முகம் தெரிந்தது. ஒருமனதாக நிறைவேறியது.

வெர்லின் மெதுவாக, "எங்க வீட்டுல ஒரு துண்டெல்லாம் யாரும் வைக்க மாட்டாங்க. இது மாதிரின்னா பன்னுக்குள்ள ஏழு எட்டு போகும்," என்றார்.

"அப்ப நீங்க ஏழு எட்டு வேளை சாப்பிடுறீங்க," என்றார் ஓக்ஸ்.

"ஒரே நேரத்துலயா?"

"நேரம் எங்க கட்டுப்பாட்டுல இல்ல, மிஸ்டர் டோப்ராட்ஸ்."

எனக்குத் தமிழில் யோசித்துத்தான் பழக்கம். 'ஒரு வேளை' என்பதில் நடுவில் இருக்கிற இடைவெளியையும் எடுத்துவிட்டால் 'ஒருவேளை' என்று ஆகிவிடும். அந்தப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்ததெல்லாம் அந்த இரண்டாவது வகைதான். ஒருவேளை இருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் போகலாம்.

கடைசியாக வந்தது சுவைத்தேர்வு. ஒரு வருஷம் உப்பைக் கூட்டி, அடித்தளத்தை நன்றாக உயர்த்தி, அதிலிருந்து கால் பங்கு குறைத்த புது ஹாம் தயாராகிவிட்டது. வெள்ளை அங்கி போட்ட நான்கு பேர், ஒரு புகைப்படக்காரர், ஒரு மணி. மணி அடித்ததும் வெர்லின் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

போட்டுக்கொண்டார். உப்பு. சும்மா உப்பு இல்லை, கண்ணைச் சுருக்க வைக்கிற உப்பு. புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் அமுக்கினார். படத்தில் அது புன்னகையாக விழுந்தது.

"மிஸ்டர் டோப்ராட்ஸ், இதுக்காக ஒன்றரை வருஷம் உழைச்சிருக்கோம்," என்றார் டாக்டர் ப்ரூயிட். குரல் தழுதழுத்தது. "தயவுசெஞ்சு மறைக்காம சொல்லுங்க. எப்படி இருக்கு?"

பதின்மூன்று நாற்காலிகளில் பன்னிரண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் நீட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக அவரை ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

"தேவலை" என்றார் வெர்லின்.

அடுத்த மாதமே பாக்கெட் கடைக்கு வந்தது. சிவப்பில் ஓர் இதயம். 'அந்தப் பொருள் கால் பங்கு குறைவு' என்று ஒரு வரி. நடுவில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற வெர்லின், கீழே, 'சாதாரண மனிதர் சாப்பிட்டுப் பார்த்தது: தேவலை'. ஊரில் அதற்குமேல் ஒரு சிபாரிசு கிடையாது. முதல் வாரத்திலேயே கடையில் ஹாம் தட்டு காலி.

வெர்லின் முதல் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நானும் அங்கே இருந்தேன். மார்லிஸ் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உன் மூஞ்சி பன்னிக்கறிக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. இத்தன வருஷம் எனக்குத் தோணலயே."

"சாப்பிட்டுப் பாரு, மார்லிஸ். உனக்காகத்தான்."

மார்லிஸ் ஒரு பன்னுக்குள் நான்கைந்து துண்டு வைத்து, ஒரு வாய் கடித்தார். மென்றார். ஜன்னல் பக்கம் பார்த்தார். வெர்லின் எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"தேவலை," என்றார் மார்லிஸ்.

வெர்லின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். நடுவில் புதன்கிழமையும். வெர்லின் தானே பன் வெட்டி, தானே துண்டுகளை அடுக்கி, தட்டை நீட்டுவார். மார்லிஸ் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. வசந்தம் வருவதற்குள் கல்யாண மோதிரம் விரலில் இறுகிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். பிறகு செருப்பு போடமுடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "எப்படி இருக்கீங்க மார்லிஸ்?" என்று கேட்பேன். தேவலை என்று பதில் வரும். முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காலையில் வெர்லின் கோட்டு கூடப் போடாமல் வந்து என் கதவைத் தட்டினார். மார்லிஸால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நர்ஸ் ரோண்டா என்பவர் மார்லிஸின் காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"உப்பு சேர்க்குறாங்களா?"

"சேர்க்கவே இல்ல," என்றார் வெர்லின். "ஹாம்கூட உப்புக் குறைச்சதுதான் குடுக்குறேன்."

"எந்த ஹாம்?"

ரோண்டா வெர்லினின் முகத்தை ஒரு கணம் பார்த்தார், பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

"அது நீங்கதான?"

"ம்."

"எங்க அம்மாவும் அதத்தான் வாங்குறாங்க. நீங்க சொன்னதாலதான்." ரோண்டா கையுறையைக் கழற்றினார். "ஒரு பன்னுல எத்தன வைப்பீங்க?"

"ஏழு. எட்டு."

"அதுல இருக்கிற உப்பு இவங்களுக்கு ரெண்டு நாளைக்குப் போதும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. பாடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "உப்பு தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும், மிஸ்டர் டோப்ராட்ஸ். விடாது. கால்ல, வயித்துல, இப்ப நுரையீரல்ல. அதான் இந்த மூச்சு."

தொழிற்சாலையில் இதே வாக்கியத்துக்கு வெர்லின் கைதட்டியிருந்தார். அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் கால்சட்டைப் பைக்குள் விட்டார், பிறகு எடுத்தார், பிறகு தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நடைபாதையில் போன ஓர் ஆள் அடையாளம் கண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். வெர்லின் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கூச்சமாக இருந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து ஆணையத்தின் ஆண்டு விழா. வெர்லினுக்கு விருது. அவர் போக மாட்டேன் என்றார். மூக்கில் குழாயோடு கிடந்த மார்லிஸ்தான், "போ. போய் அவங்ககிட்ட சொல்லு," என்றார்.

"என்னன்னு?"

"உள்ளத."

மில்வாக்கியில் பெரிய ஹோட்டல். நான் காரோட்டிக்கொண்டு போனதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. வெள்ளிச் சாடி வந்தது, எல்லோரும் இல்லாததை உணர்ந்தார்கள், ஆமென் சொன்னார்கள். தர்மன் ஓக்ஸ் பேசினார்.

"ஒரு வருஷத்துல கால் பங்கு. உலகத்துல எங்கயும் நடக்காதது. எப்படி முடிஞ்சுதுன்னு வெளியூர்க்காரங்க கேக்குறாங்க. ரகசியம் ஒண்ணுமில்ல, மனசு இருந்தா போதும். பொருள மாத்துறது யாராலயும் முடியும். நம்பர மாத்தணும். நம்பர் மாறினா மனசு மாறும், மனசு மாறினா ஜனங்க நிம்மதியா சாப்பிடுவாங்க. போன வருஷத்தவிட நாலு மடங்கு நிம்மதி வித்திருக்கோம்."

பிறகு வெர்லினைக் கூப்பிட்டார்கள். அவர் ஒலிபெருக்கி முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் அவர் பேசியதில்லை. காது, கழுத்து எல்லாம் சிவந்திருந்தது.

"இந்த ஹாம் உப்பு," என்றார். "ரொம்ப உப்பு. நான் தேவலைன்னு சொன்னது தப்பு. எனக்கு வெக்கமா இருக்கு. என் வீட்டுக்காரி இதத் தின்னு ஆஸ்பத்திரில கெடக்குறா. தயவுசெஞ்சு யாரும் வாங்காதீங்க. நல்லா இல்ல."

சொல்லிவிட்டாரே மனுஷன் என்று நினைத்தேன்.

முதலில் பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அன்பான சிரிப்பு. அப்புறம் கைதட்டல் தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எங்கள் பக்கம் விருந்துக்கு ஒருத்தி கேக் செய்துகொண்டு வந்தால், 'சரியா வரல, அடி கருகிப்போச்சு, நாய்க்குத்தான் போடணும்' என்று சொல்லித்தான் மேசையில் வைப்பாள். அப்படிச் சொல்வதுதான் முறை. அதைக் கேட்ட மற்றவர்கள் இரண்டு துண்டாக எடுத்துக்கொள்வதும் முறை. வெர்லின் தன் ஹாமைத் தாழ்த்திச் சொன்ன மாதிரி முறையான பேச்சை அவர்கள் இதுவரை கேட்டதில்லை.

தர்மன் ஓக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? இதான் சாதாரண மனிதர். தன் படம் போட்ட பொருளையே வேண்டாம்னு சொல்ற அடக்கம். இந்த அடக்கம் எத்தன கம்பெனிக்கு வரும்?"

டாக்டர் ப்ரூயிட் எழுந்தார். "ஒரு விஞ்ஞான உண்மையையும் கவனிக்கணும். இவ்வளவு குறைச்ச பிறகும் ஒருத்தருக்கு அந்தப் பொருள் கூடன்னு படுதுன்னா, நம்ம திட்டம் ஜனங்களோட நாக்க அவ்வளவு கூர்மையாக்கியிருக்குன்னு அர்த்தம்."

"நான் நெசமாத்தான் சொல்றேன்," என்றார் வெர்லின்.

"தெரியும், தெரியும்," என்று ஓக்ஸ் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "மிஸஸ் டோப்ராட்ஸ் சீக்கிரம் தேறி வர ஆணையத்தின் சார்பா ஒரு ஹாம் கூடை அனுப்புறோம்."

அங்கேயே, வெர்லின் மேடையில் நின்றுகொண்டிருக்கும்போதே, அடுத்த பாக்கெட்டுக்கு வாசகம் முடிவாகிவிட்டது. 'வாங்காதீங்க: வெர்லின் டோப்ராட்ஸ்.' ஒருமனதாக. அவர் மறுப்பதற்காகக் கையைத் தூக்கினார். அதையும் ஆதரவில் எண்ணிக்கொண்டார்கள்.

வெளியே கோட்டு எடுத்துக் கொடுத்த பெண், "உங்க பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சு. வீட்டுக்குப் போறப்ப ரெண்டு பாக்கெட் வாங்கிட்டுத்தான் போவேன்," என்றாள். வெர்லின் அவளுக்கு நன்றி சொன்னார். வேறென்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது. காரில் ஏறியதும் அந்த விருதைக் காலடியில் போட்டு அதன் மேல் தொப்பியை வைத்தார். நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்.

மார்லிஸ் விழித்துத்தான் இருந்தார். கால் கொஞ்சம் வடிந்திருந்தது, மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. பிழைத்துக்கொள்வார் என்று ரோண்டா வாசலிலேயே சொல்லியிருந்தார். வெர்லின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"உப்புன்னு?"

"உப்புன்னு. வாங்காதீங்கன்னு. எல்லாம் சொன்னேன்."

"என்ன பண்ணாங்க?"

"எழுந்து நின்னு கை தட்டினாங்க."

மார்லிஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கிய பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு முதல் வாயிலயே தெரியும், வெர்லின்."

"என்ன தெரியும்?"

"உப்புன்னு. பழைய ஹாமைவிட உப்புன்னு. நாக்கு எனக்கும் இருக்குல்ல."

வெர்லின் நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுமா தின்ன? இத்தன மாசமா?"

"நீ எதிர்ல உக்காந்து என் வாயவே பாத்துக்கிட்டிருந்த. பாக்கெட்லயும் நீயே இருந்த. எனக்காகத்தான் அவ்வளவு தூரம் போய்ட்டு வந்த. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. மார்லிஸ் முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"நீ அங்க ருசி பாத்தியே. உனக்குத் தெரியலயா?"

வெர்லின் ஒரு கையால் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"தெரிஞ்சுது," என்றார் வெர்லின்.

"எனக்கு ஆகாதுன்னும் தெரியும். அப்ப ஏன் சொல்லல?"

"அவங்க ரொம்ப மரியாதையா கேட்டாங்க, மார்லிஸ்."

மார்லிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கைக்குள்ளிருந்து தன் கையை மெதுவாக உருவி, போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.